தாட் ரேடாருக்காகச் சீனா தென் கொரியா மீது ஏன் அவ்வளவு கோபப்பட்டது?

இளமாறன்:
வட கொரியாவின் ஏவுகணைகளைத் தடுக்கத்தான் தாட் என்ற அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு அமைப்பைத் தென் கொரியாவில் வைக்கிறோம் என்று அமெரிக்காவும் தென் கொரியாவும் 2016 ஜூலையில் அறிவித்தன. இதில் சீனாவுக்கு என்ன வந்தது? தென் கொரிய நிறுவனமான லோட்டேயின் கடைகள் எதற்கு மாட்டிக்கொண்டன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோமதி:
சீனாவின் கவலை கூடவே வரும் ரேடார்தான். தாட் ஏவுகணை சுமார் 200 கி.மீ. வரைதான் போகும், அதனால் பெய்ஜிங்குக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்த எக்ஸ் பேண்ட் ரேடாரை வேறு முறைக்கு மாற்றினால் சீனாவுக்குள் வெகுதூரம் பார்க்கும், தங்கள் ஏவுகணை கிளம்பியதுமே அமெரிக்காவுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தார்கள். வடக்கு நோக்கித்தான் வைத்திருக்கிறோம், அப்படி மாற்ற மாட்டோம் என்று சியோல் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. ரேடாரை இயக்குவது அமெரிக்கப் படை என்பதால் அந்தச் சந்தேகத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது.

கதிர்வேல்:
அக்கா சொன்ன காரணம் சரி, ஆனால் சீனா தண்டித்த விதம் அநியாயம். தென் கொரியாவின் சோங்ஜு மலையில் இருந்த தன் கோல்ஃப் மைதானத்தைத் தாட் வைப்பதற்காக லோட்டே 2017 பிப்ரவரியில் தென் கொரிய அரசுக்குக் கொடுத்தது, உடனே சீனாவில் இருந்த அதன் கடைகளில் தீயணைப்புக் குறைபாடு என்று ஒன்றன்பின் ஒன்றாக மூடினார்கள். தடை என்று வெளிப்படையாக அறிவிக்கவில்லை, அறிவித்தால்தானே உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட முடியும்! மார்ச்சில் சுற்றுலாக் குழுக்களையும் நிறுத்தினார்கள், கொரியா போன சீனர்கள் 2016இல் சுமார் 80 லட்சம், அடுத்த வருடம் அதில் பாதிதான். ஆனால் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ் சிப்களை மட்டும் தொடவில்லை, அவை இல்லாவிட்டால் சீனாவின் சொந்தத் தொழிற்சாலைகளே தடுமாறும். அடி வாங்கியவர்கள் கடைக்காரர்களும் சுற்றுலாவை நம்பியவர்களும்தான்.

மலர்விழி:
சோங்ஜு மக்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். முலாம்பழம் விளைவிக்கும் ஊர் அது, எங்களைக் கேட்காமல் எப்படி முடிவெடுத்தீர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் மொட்டை போட்டுப் போராடினார்கள், சமாதானம் பேசப் போன பிரதமர் மேல் முட்டை வீசினார்கள்.

இன்னொன்று, 2015 செப்டம்பரில் பெய்ஜிங் ராணுவ அணிவகுப்பில் ஷி ஜின்பிங், புதினோடு அன்றைய தென் கொரிய அதிபர் பாக் குன்-ஹே நின்றார், அமெரிக்காவுக்கு அது பிடிக்கவில்லை. நாலே மாதத்தில் வட கொரியா அணுகுண்டுச் சோதனை நடத்தியபோது ஷியோடு தொலைபேசியில் பேசவே அவர் ஏறக்குறைய ஒரு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஏமாற்றமும் சேர்ந்துதான் அவரைத் தாட் பக்கம் தள்ளியது என்பது என் கருத்து.

இளமாறன்:
அப்புறம் எப்படிச் சமாதானமானார்கள்?

கோமதி:
முழுதாக ஆகவில்லை தம்பி. கூடுதல் தாட் கிடையாது, அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு வலையில் சேர மாட்டோம், ஜப்பானையும் சேர்த்து முத்தரப்பு ராணுவக் கூட்டணி கிடையாது என்று மூன்றைச் சொல்லித்தான் பாக்குக்குப் பின் வந்த அதிபர் மூன் ஜே-இன் அரசு 2017 அக்டோபர் கடைசியில் உறவைச் சீர்செய்தது. பெய்ஜிங் அதை வாக்குறுதி என்கிறது, அடுத்து வந்த யூன் சுக்-யோல் அரசோ அப்படி எந்த வாக்கும் கொடுக்கவில்லை என்றது. சுற்றுலாக் குழுக்களுக்கான தடை முழுவதும் நீங்கியது 2023 ஆகஸ்டில்தான். லோட்டே அதற்கு எத்தனையோ காலம் முன்பே அந்தக் கடைகளை விற்றுவிட்டது. ரேடார் இன்னும் சோங்ஜுவில்தான் இருக்கிறது.