அட்டையில் ‘ஏ’, பேருந்துப் பலகையில் தடுமாற்றம்: ஆர்.சி. தொடக்கப் பள்ளியிலேயே மகளைத் தொடர வைக்கலாமா?

கேள்வி: மூன்றாம் வகுப்பு மாணவியின் தந்தை, திண்டுக்கல் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் எங்கள் ஊரிலுள்ள அரசு உதவிபெறும் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். ஆயினும் என் தந்தையும் நானும் ஐந்தாம் வகுப்பு வரை அதே பள்ளியில் படித்தவர்கள் என்பதால், வேறு பள்ளியைப் பற்றி நாங்கள் யோசித்ததே இல்லை. இப்போது அங்கே 74 பிள்ளைகளும், தலைமையாசிரியையான அருட்சகோதரியையும் சேர்த்து மூன்று ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

பொங்கல் விடுமுறையில் உறவினர் வீட்டுக்குப் போகும் வழியில், திருச்சி பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது, விளையாட்டாகப் பேருந்துகளின் பெயர்ப்பலகைகளைப் படிக்கச் சொன்னேன். ‘பட்டுக்கோட்டை’ என்பதை அவள் ‘படுகோடை’ என்று படித்தாள். ‘கந்தர்வக்கோட்டை’ என்பது ‘கதவகோடை’ ஆயிற்று. உடனிருந்தவர்கள் சிரித்தார்கள், குழந்தையின் முகம் வாடிவிட்டது. ஆனால் வீட்டில் பாடநூலை எடுத்துக் கொடுத்தால் ஒரு சொல் பிசகாமல் படிக்கிறாள். இரண்டாம் பருவ மதிப்பெண் அட்டையிலும் தமிழுக்கு ‘ஏ’ என்றே இருக்கிறது. எதை நம்புவது?

டிசம்பர் மாதம் முழுவதும் பள்ளியில் கிறிஸ்துமஸ் ஒத்திகை நடந்தது. என் மகளுக்குக் குடில் நாடகத்தில் சம்மனசு (வானதூதர்) வேடம். என் மனைவி இரண்டு இரவுகள் விழித்திருந்து இறக்கை தைத்தாள். ஊரே வந்து பார்த்தது, பங்குத்தந்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் கேக் கொடுத்தார், குழந்தை மகிழ்ச்சியாக இருந்தாள். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் இந்தக் கொண்டாட்டங்களுக்குச் செலவாகும் நேரம்தான் வாசிப்பிலிருந்து கழிகிறதோ என்னும் ஐயம் இப்போது எழுந்திருக்கிறது. தலைமையாசிரியையிடம் மெதுவாகக் கேட்டபோது, “வந்துவிடும், கவலைப்படாதீர்கள்” என்றார்.

ஒன்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆங்கில வழி நர்சரி பள்ளியில் சேர்த்துவிடும்படி என் அண்ணன் வற்புறுத்துகிறார். ஆர்.சி. பள்ளியில் படித்தால் பின்னாளில் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு கிடைக்காது என்றும் சொல்கிறார். காலையில் செபம் சொல்ல வைக்கிறார்கள் என்பது என் தாயாரின் மனக்குறை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை

ஐயா, வணக்கம். இரண்டு மாவட்டங்களில் ஆர்.சி. தொடக்கப் பள்ளிகளில் முப்பத்தோர் ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மகள் படித்த விதத்தை எழுத்துக்கு எழுத்து எழுதியிருக்கிறீர்களே, அதுவே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. ‘பட்டுக்கோட்டை’யில் அவள் விட்டவை ட், க், ட் என்னும் மூன்று ஒற்றுகள் மட்டுமே. ‘கோ’வை ‘கோ’ என்றும் ‘டை’யை ‘டை’ என்றும் சரியாகவே படித்திருக்கிறாள். அப்படியானால் உயிர்மெய்க் குறிகளான கொம்பும் காலும் அவளுக்குத் தெரியும். புள்ளி வைத்த எழுத்தைப் பார்த்ததும் அதை முன்னெழுத்தோடு சேர்த்து ஒலிப்பதற்குப் பதிலாகத் தாண்டிவிடுகிறாள். இரண்டாம் வகுப்பில் மிகப் பலருக்கும் இருந்து, மூன்றாம் வகுப்பில் மறைந்துவிட வேண்டிய குறை இது. இது தானாக மறையும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கவனித்தால் விரைவில் மறையும்.

பாடநூலைப் பிசகாமல் படிப்பதற்குக் காரணம், அவள் அதைப் படிக்கவில்லை, ஒப்பிக்கிறாள் என்பதே. இதை உறுதிசெய்துகொள்ள வேண்டுமானால், பாடத்தின் நடுவிலுள்ள ஒரு வரியில் கடைசிச் சொல்லை விரலால் காட்டி, அங்கிருந்து பின்னோக்கிச் சொல் சொல்லாகப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு, அவள் இதுவரை பார்த்திராத மூன்று வரிகளைக் கொடுங்கள்: மளிகைச் சீட்டானாலும் ரேஷன் கடை அறிவிப்பானாலும் சரி. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் அவளுடைய உண்மையான நிலை.

‘ஏ’ எப்படி வந்தது என்றால், 2012-13 முதல் நடைமுறையிலுள்ள முப்பருவ முறையில் வகுப்புச் செயல்பாடுகளைக் கணிக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண்கள் பிரிகின்றன. படம் ஒட்டுதல், பாடல் பாடுதல், கதை சொல்லுதல் போன்ற செயல்பாடுகளில் உங்கள் மகளைப் போன்ற துடிப்பான குழந்தை முழு மதிப்பெண் வாங்கிவிடுவாள். மீதி அறுபதிலும் நடத்திய பாடத்திலிருந்தே வினாக்கள் வரும்போது நினைவாற்றல் கைகொடுக்கும். அந்த அட்டை பொய் சொல்லவில்லை; நீங்கள் கேட்கும் கேள்விக்கு விடை சொல்வது அதன் வேலை அன்று, அவ்வளவே. ஆகவே ஆசிரியையிடம், “எத்தனை மதிப்பெண்?” என்று கேட்காமல், “அரும்பா, மொட்டா, மலரா?” என்று கேளுங்கள். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை இந்த மூன்று நிலைகளாகவே பிரித்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். மூன்றாம் வகுப்புக்குரிய நிலை மலர். உங்கள் மகள் இன்னும் மொட்டில் இருக்கிறாள் என்று ஆசிரியை சொன்னால், வருந்தாதீர்கள். அவர் உண்மையைச் சொல்கிறார் என்று பொருள்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. ஒரு சிலேட்டில் ‘படம்’ என்று எழுதி, பக்கத்தில் ‘பட்டம்’ என்று எழுதுங்கள். அடுத்து எடு, எட்டு. பிறகு கடி, கட்டி, கண்டி. அதன்பின் பதி, பத்தி, பந்தி. ஒரு புள்ளி எழுத்து வந்தால் சொல்லே வேறாகிவிடுகிறது என்பதைக் குழந்தை காதால் கேட்க வேண்டும். படித்து முடித்த பின் அதே சொற்களை நீங்கள் சொல்ல, அவள் எழுத வேண்டும். சொல்வதை எழுதும் பயிற்சியில்தான் விட்டுப்போன ஒற்றுகள் வெளியே வரும். நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும். சிரிப்பவர்களை மட்டும் பக்கத்தில் சேர்க்காதீர்கள்.

இனி ஒத்திகையைப் பற்றி. என் பள்ளியில் ஓராண்டு கிறிஸ்துமஸ் பாடலைப் பிள்ளைகள் அப்படியே சொக்கிப்போகும்படி பாடினார்கள். மறுநாள் அந்தப் பாடல் எழுதிய தாளை நான்காம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் கொடுத்து, நடுவிலுள்ள ஓர் அடியைக் காட்டிப் படிக்கச் சொன்னேன், அவனால் முடியவில்லை. முதலடியிலிருந்து மனத்துக்குள் பாடிக்கொண்டே வந்துதான் அந்த அடியைப் பிடித்தான். நாங்கள் மூன்று வாரமாக எல்லாவற்றையும் வாயால் சொல்லிக் கொடுத்து, காதால் ஏற்க வைத்திருந்தோம். நேரம் போனது விழாவினால் அன்று, எங்கள் முறையினால் என்று அப்போது எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு எந்த நாடகமானாலும் வசனத்தைக் கையில் எழுதிக் கொடுத்து, பிள்ளைகளே படித்து மனப்பாடம் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். முதல் வாரம் நரகமாக இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. செயல்வழிக் கற்றல் காலத்தில் சுவரோரமாகப் பிள்ளைகளின் உயரத்துக்கு அமைத்த கீழ்மட்டக் கரும்பலகைகள் பல பள்ளிகளில் இன்றும் இருக்கின்றன. ஆளுக்கொரு கட்டம் ஒதுக்கி, அவரவர் வசனத்தை அவரவரே எழுதும்படி செய்தோம். உங்கள் பள்ளியில் அடுத்து வருவது ஆண்டு விழாவாகத்தான் இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

உண்மையில் வகுப்பு நேரம் எங்கே கசிகிறது என்று கேட்டால், நான் ஆசிரியர் எண்ணிக்கையைத்தான் காட்டுவேன். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இருவர், 61 முதல் 90 வரை மூவர். நான் பணியாற்றிய பள்ளிகளிலும் ஏறக்குறைய இந்தக் கணக்கே இருந்தது. ஐந்து வகுப்புகளுக்கு மூவர் என்பதே பல்வகுப்புக் கற்பித்தல்தான். அதில் ஒருவர் வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்குப் போய்விட்டால், அல்லது தலைமையாசிரியை எமிஸ் என்னும் கல்வித் துறைக் கணினிப் பதிவுகளில் உட்கார்ந்துவிட்டால், ஐந்து வகுப்பையும் இருவரோ ஒருவரோ சமாளிக்க வேண்டும். டிசம்பரில் மட்டுமன்று, ஆண்டு முழுவதும் நடப்பது இது.

மறுமொழி 2: முன்னாள் மாணவியின் தாய், செங்கல்பட்டு மாவட்டம்

சகோதரருக்கு வணக்கம். நாங்கள் இசுலாமியர்கள். என் மகள் ஐந்தாம் வகுப்பு வரை ஆர்.சி. பள்ளியில் படித்தவள் என்பதால், தங்கள் தாயாரின் மனக்குறைக்கு மட்டும் விடை சொல்கிறேன். அரசின் நிதியுதவி பெறும் கல்வி நிறுவனங்களில், பெற்றோரின் இசைவு இல்லாமல் எந்தக் குழந்தையையும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28(3)ஆம் பிரிவு கூறுகிறது. என் மகளின் பள்ளியில், கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்புக்குப் போகும் நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு இருந்தது. காலைக் கூட்டத்தில் செபம் சொல்லும்போது என் மகள் கைகளைக் கட்டி அமைதியாக நிற்பாள். அதற்காக அவளை ஒருவரும் ஒரு சொல் கேட்டதில்லை. நோன்பு நாள்களில் அவளுக்குச் சோர்வாக இருந்தால் விளையாட்டு நேரத்தில் உட்கார்ந்திருக்கச் சொன்னவரும் ஓர் அருட்சகோதரிதான். தங்கள் தாயாருக்கு ஒப்புதல் இல்லையென்றால், ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்.

இன்னொன்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 அன்று ஊரகப் பகுதிகளிலுள்ள அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டபோது, அதன் தொடக்க விழா நடந்ததே திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியிலுள்ள புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில்தான். ஒன்பது கிலோமீட்டர் வேனில் போகும் பிள்ளை எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டுவிட்டுப் புறப்படுவாள் என்று யோசியுங்கள். இங்கே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு நடந்து போய், எல்லோருடனும் வரிசையில் உட்கார்ந்து கிச்சடியோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குள் போகிறாள்.

மறுமொழி 3: மகனைப் பள்ளி மாற்றிய ஒரு தந்தை

மேலே எழுதியவர்களோடு நான் முழுவதும் உடன்படவில்லை. நாங்களும் இதே நிலையில்தான் இருந்தோம். எங்கள் ஊர் உதவிபெறும் பள்ளியில் ஓர் ஆசிரியர் ஓய்வுபெற்ற பின் அந்த இடம் நெடுநாள் நிரம்பாமலே கிடந்தது. தாளாளரிடம் கேட்டால் அலுவலகத்தைக் காட்டுவார், அலுவலகத்தில் கேட்டால் நிர்வாகத்தைக் காட்டுவார்கள். சிறுபான்மை நிறுவனம் என்பதால் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் ஆலோசனை கூறும் பணி மட்டுமே உண்டு. தீர்மானம் போட்டாலும் அது தாளில்தான் இருக்கும். ஆகவே மகனை மூன்றாம் வகுப்பின் நடுவில் ஆங்கில வழிக்கு மாற்றினேன். அந்த முடிவு தவறு என்று இன்றும் நான் நினைக்கவில்லை.

ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், வாசிப்புக் குறை அவனோடு சேர்ந்தே வேனில் ஏறி வந்தது. தமிழில் ஒற்றைத் தாண்டியவன் ஆங்கிலத்தில் முதலெழுத்தைப் பார்த்துச் சொல்லை ஊகித்தான். புதுப் பள்ளியில் வீட்டுப்பாடம் மிகுதி, குறிப்பேடு அழகு, மதிப்பெண்ணும் வந்தது. புரிந்து படிக்க இன்னோர் ஆண்டு ஆயிற்று, அதுவும் மாலையில் என் தங்கை உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததனால். இப்போது ஆங்கிலம் பரவாயில்லை. தமிழில்தான் தங்கையின் திருமணப் பத்திரிகையை முழுதாகப் படிக்க முடியாமல் நின்றான்.

7.5 விழுக்காட்டைப் பற்றித் தங்கள் அண்ணன் சொல்வது இந்த வகுப்புக்குப் பொருந்தாது. 2020ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததைத்தான் கணக்கில் கொள்கிறது. தொடக்கக் கல்வி எங்கே என்பது அதில் வராது. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பள்ளி என்பதைத்தான் அப்போது நீங்கள் தீர்மானிக்க வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: மாற்றுவதாக இருந்தால் ஏப்ரலுக்குப் பின் மாற்றுங்கள். ஆண்டின் நடுவே மாற்றுச் சான்றிதழ் வாங்கியதில் என் மகன் இரண்டு பள்ளியின் பாடத்தையும் பாதிப்பாதி இழந்தான்.

மறுமொழி 4: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை

மேலே எழுதிய ஐயாவின் குறை நியாயமானது. நிரம்பாத பணியிடத்தின் விலையைப் பிள்ளைகள்தான் கொடுக்கிறார்கள். அதை நான் மறுக்கப் போவதில்லை. கேள்வி கேட்ட ஐயா, உங்கள் பள்ளியில் மூவரும் பணியில் இருக்கிறார்களா, அல்லது மூன்றில் ஒன்று பெயரளவில்தானா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மூவரும் இருந்தால் குறைந்தது மூன்றாம் பருவம் முடியும் வரை பொறுக்கலாம். இல்லையென்றால் என் விடையும் மாறும்.

கேள்வி கேட்டவர், பன்னிரண்டு நாள்களுக்குப் பின்

அனைவருக்கும் நன்றி. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா சொன்னபடி பின்னோக்கிப் படிக்கச் சொன்னேன். ஆறு சொற்களில் நான்கில் மகள் தடுமாறினாள். அதே வரியை முன்னோக்கிக் கேட்டதும் பாட்டுப் போல ஒப்பித்தாள். எனக்கு வருத்தத்தைவிடத் தெளிவே மிகுதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போனேன். ஆசிரியர்கள் மூவரும் பணியில் இருக்கிறார்கள். “அரும்பா, மொட்டா, மலரா?” என்று கேட்டவுடன், வகுப்பாசிரியை சற்றே வியந்து என்னைப் பார்த்துவிட்டு, பதிவேட்டைத் திறந்து, “மொட்டுதான், வகுப்பில் இன்னும் நான்கு பேர் அப்படி இருக்கிறார்கள்” என்றார். இதற்கு முன் ஏன் சொல்லவில்லை என்று நானும் கேட்கவில்லை. நானும் இதற்கு முன் கேட்டதில்லை. ஆண்டு விழா நாடக வசனத்தை எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டதற்கு, தலைமையாசிரியை சிறிது நேரம் யோசித்துவிட்டு, அந்த ஐந்து பேருக்கு மட்டும் முதலில் செய்து பார்க்கிறோம் என்றார். என் மகளுக்கு இம்முறை காய்கறி வியாபாரி வேடம். வசனம் எட்டு வரி. அதில் ‘கத்தரிக்காய்’, ‘வெண்டைக்காய்’, ‘முருங்கைக்காய்’ மூன்றும் இருக்கின்றன.

நேற்று இரவு ‘வெண்டைக்காய்’ வந்துவிட்டது. ‘கத்தரிக்காய்’ இன்னும் ‘கதரிகாய்’தான். அண்ணனிடம் ஏப்ரலில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.