சாட்சியை ‘இம்பீச்’ செய்வது: கூண்டில் நின்று நான் தெரிந்துகொண்டது

2019-இல் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகே விடியற்காலையில் நடந்த ஓர் அடிதடி வழக்கில் நான் அரசுத் தரப்பின் மூன்றாவது சாட்சி. அப்போது அங்கே ஓர் ஐஸ் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். விசாரணைக்கு என்னை அழைத்தபோது மூன்று ஆண்டுகள் ஓடியிருந்தன.

அரசு வழக்கறிஞர் கேள்வி கேட்ட முதல் விசாரணையில், தெருவிளக்கு எரிந்ததால் அடித்தவரின் முகத்தைப் பார்த்ததாகச் சொன்னேன். குறுக்கு விசாரணையில் எதிரித் தரப்பு (குற்றம்சாட்டப்பட்டவரின் தரப்பு) வழக்கறிஞர் ஒரு தாளைப் புரட்டியபடி, “தெருவிளக்கு எரிந்ததாகப் போலீஸ் விசாரணையில் நீங்கள் சொல்லவில்லை என்றால் சரிதானே?” என்று கேட்டார். சொன்னேன் என்றேன். தட்டச்சர் “சொல்லவில்லை என்றால் சரியல்ல” என்று அடித்ததைப் பார்த்தபோது, என் வாயிலிருந்து வராத வாக்கியம் என் பெயரில் ஏறுகிறதே என்று உள்ளங்கை வியர்த்தது. நீதிமன்றத் தமிழில் மறுப்பை அப்படித்தான் எழுதுவார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

தீர்ப்பின் ஆங்கில நகலில், என்னை ‘இம்பீச்’ செய்ய எதிரித் தரப்பால் இயலவில்லை என்று ஒரு வரி இருந்தது. குடியரசுத் தலைவரையும் நீதிபதிகளையும் பதவிநீக்கம் செய்வதற்குத்தான் அந்தச் சொல் என்று நினைத்திருந்த எனக்கு, நான் என்ன குற்றம் செய்தேன் என்று மனம் கலங்கிவிட்டது. ராயபுரத்தில் எங்கள் தெருவில் இருக்கும் மூத்த வழக்கறிஞரிடம் நகலைக் கொண்டுபோனேன்.

“தம்பி, உங்கள் மேல் குற்றம் எதுவும் இல்லை. உங்கள் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் கேள்வி” என்றார் அவர். காலில் தளை பூட்டுதல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம் இது. சாட்சியின் நம்பகத்தன்மையைக் குலைத்தல் என்பதே சட்டத்தில் இதன் பொருள். 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில் 155-ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 158-ஆம் பிரிவாக இருக்கும் விதி, இதற்கு மூன்று வழிகளையே சொல்கிறது: சாட்சியை அறிந்தவர்கள் வந்து அவர் நம்பத்தக்கவரல்லர் என்று கூறலாம், அவர் கையூட்டு வாங்கியதை அல்லது வாங்க ஒப்புக்கொண்டதை நிரூபிக்கலாம், அவர் முன்பு சொன்னது இப்போதைய சாட்சியத்துக்கு முரணானது என்று காட்டலாம்.

என்னிடம் முயன்றது மூன்றாவது வழி. போலீசார் எழுதும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்திடக் கூடாது என்பதே சட்டம் என்பதால், அதில் என்ன விடுபட்டது என்று எனக்குத் தெரிந்திருக்க வழியில்லை. விடுபட்டது முக்கியமான செய்தியாக இருந்தால் அதையும் முரணாகக் கொள்ளலாம். ஆனால் சாட்சியிடம் கேட்டால் மட்டும் போதாது, விசாரணை அதிகாரியிடமும் கேட்டு, சாட்சி அப்படிச் சொல்லவில்லை என்று நிலைநாட்ட வேண்டும். என் வழக்கில் அதிகாரியும் விளக்கைப் பற்றி நான் சொல்லவில்லை என்றுதான் கூறியிருந்தார். ஆயினும், பல மாதமாக நாள்தோறும் கடைக்கு வந்துபோனவரை அடையாளம் காண விளக்கு அவ்வளவு முக்கியமல்ல என்று நீதிபதி எழுதியிருந்தார். ஒன்றில் பிசகினால் அனைத்தும் பொய் என்ற கோட்பாட்டை நம் நீதிமன்றங்கள் ஏற்பதில்லை.

எனக்கு அடுத்துக் கூண்டேறிய மீன் விற்கும் அம்மாவிடம், அடிபட்டவர் வீட்டில் பணம் வாங்கிக்கொண்டு சாட்சி சொல்வதாகக் கேட்டார்கள். கேள்வி கேட்டதாலேயே அது நிரூபணம் ஆகிவிடாது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கீழே இறங்கியவர், வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, “என்னைத் திருடி என்று எழுதிவிட்டார்களா தம்பி?” என்று கேட்டார். அன்று அவருக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தீர்ப்பு நகல் புரிந்த மறுநாள், ஏலக்கூடத்துக்குப் போய் அவரைத் தேடிப் பிடித்துச் சொன்னேன்.