விழுற பல்லுக்கு எதுக்கு கேப்பு

உமா: 📷 கவின் பல்லு போட்டோ
நைட்டு ஃபுல்லா தூங்கல இவன். கீழ வலது பக்கம் கடைசி பல்லு. டாக்டர் பாத்துட்டு ரூட் கேனால் பண்ணி பல்லு மேல உறை மாதிரி கேப் போடணும்ங்கறாங்க

கமலா: அஞ்சு வயசு பையனுக்கு ரூட் கேனாலா 😳 பால்பல்லு தானே உமா, இன்னும் ரெண்டு வருசத்துல தானா விழப்போவுது, புடுங்கி போட சொல்லு. நாங்கெல்லாம் நூல கட்டி கதவுல மாட்டி புடுங்குனவங்க

செந்தில்: நானும் அதான்க்கா சொன்னேன். விழுற பல்லுக்கு எதுக்கு கேப்பு

உமா: காசு கேட்ட உடனே அப்படித்தான் தோணும் உங்களுக்கு. நிவே, பல்லுக்குப் படிச்சவ நீ சொல்லு

பாலு: 🌹 இனிய காலை வணக்கம் 🙏

நிவேதா: டூட்டில இருந்தேன் அத்தை இப்பதான் பாத்தேன். புடுங்க வேணாம்!! முன்பல்லுதான் 6, 7 வயசுல விழும். போட்டோல இருக்கறது ரெண்டாவது பால் கடவாப்பல்லு, அது 10ல இருந்து 12 வயசு வரைக்கும் அங்கயே இருக்கணும்

கமலா: பன்னெண்டு வயசு வரைக்குமா? எனக்கு இத்தன வருசமா யாரும் சொல்லலயே

நிவேதா: இன்னொண்ணு கேளு மா. 6 வயசு வாக்குல அதுக்கும் பின்னாடி ஒரு பெரிய கடவாப்பல்லு முளைக்கும், எந்தப் பல்லும் விழாம சத்தமே இல்லாம வர்றதால எல்லாரும் அதையும் பால்பல்லுன்னு நினைச்சு சொத்தையானாலும் விட்டுர்றாங்க, ஆனா அதுதான் ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல்லு. இப்ப கவினுக்கு புடுங்கிட்டா அது முளைக்கும்போதே முன்னாடி நகந்து காலி இடத்துல வந்து உக்காந்துக்கும். அப்புறம் 11 வயசுல கீழ இருந்து வர்ற பல்லு எங்க போகும்? ஒண்ணு எலும்புக்குள்ளயே மாட்டிக்கும், இல்ல நாக்குப் பக்கமா கோணலா வரும். பஸ்ல துண்டு போட்டு சீட்டு பிடிக்கறோம்ல, பால்பல்லு அந்தத் துண்டுதான்

செந்தில்: எனக்கு கீழ ஒண்ணு உள்ள தள்ளி இருக்கே

கமலா: உனக்கு ரெண்டாங்கிளாஸ் படிக்கறப்ப புடுங்குனது மறந்துருச்சா, தெருவே கேக்கற மாதிரி கத்துன

நிவேதா: 😂 அதனாலயா இருக்கலாம் மாமா, பாக்காம சொல்ல முடியாது

செந்தில்: புடுங்கிட்டு அந்த எடத்துல வேற ஏதாச்சும் வெக்க முடியாதா

நிவேதா: கம்பி வளையம் மாதிரி ஒண்ணு இருக்கு, ஸ்பேஸ் மெயின்டெய்னர். ஆனா பின்னாடி பல்லு இன்னும் முளைக்காதப்ப அத பிடிச்சு நிக்க வெக்கறதே கஷ்டம். சொந்தப் பல்லு மாதிரி வராது

கமலா: சரி எதுவும் பண்ணாம வலி மாத்திரை குடுத்து ஓட்டுனா?

நிவேதா: வலி அடங்கும், சீழ் அடங்காது. அந்தப் பால்பல்லோட ரெண்டு வேருக்கு நடுவுலதான் அடுத்த பல்லு உருவாகிட்டு இருக்கு. அங்க சீழ் தங்கினா பல்லோட மேல்பூச்சு, அதான் எனாமல், ஒழுங்கா படியாது, புதுப்பல்லு முளைக்கறப்பவே மஞ்சளாவோ பழுப்பாவோ திட்டு இருக்கும், சில பேருக்கு குழியே விழுந்திருக்கும். டர்னர் பல்லுன்னு சொல்லுவோம்

பாலு: எம் பல்லும் காப்பிக் கலர்தான. எனக்கு சொத்தையே வந்ததில்லயே

நிவேதா: உங்களது வேறப்பா, அது பென்னாகரம் போர் தண்ணி. ஃப்ளோரைடு ஜாஸ்தி. எட்டு வயசுக்குள்ள எனாமல் உருவாகறப்ப குடிச்சா கறை பல்லுக்குள்ளயே பதிஞ்சிரும், தேய்ச்சாலும் போகாது. அம்மா சேலத்துல வளந்து கல்யாணமாகி வந்து அதே தண்ணியத்தான குடிச்சாங்க, அவங்க பல்லு வெள்ளையாதான இருக்கு

கமலா: நா இத்தன நாளா வெத்தலைன்னு நெனச்சு திட்டிட்டு இருந்தேன் 🤦‍♀️

பாலு: வெத்தல போட்டு பத்து வருசம் ஆச்சு. ஒகேனக்கல் காவேரித் தண்ணி திட்டம் 2013லதான் தொறந்தாங்க, அதுக்கு முன்னாடி எங்க ஊர்ல எவன் பல்லும் இப்படித்தான்

உமா: அப்ப கவினுக்கு ஃப்ளோரைடு பேஸ்ட் வேணாமா நிவே, பயமா இருக்கே

நிவேதா: வேணும் அத்தை. சொத்தைய தடுக்கறதே அதுதான், அளவுதான் விஷயம். மூணு வயசு வரைக்கும் அரிசி அளவு, கவினுக்கு பட்டாணி அளவு. டிவி விளம்பரத்துல காட்டற மாதிரி பிரஷ் முழுக்க பிதுக்காதீங்க, துப்பிட்டானான்னு பாருங்க. நைட்டு தேய்ச்சதுக்கு அப்புறம் பால் குடுக்கறீங்களா?

உமா: நான் இல்ல. ஊருக்குப் போனா அத்தை சர்க்கரை போட்டு குடுத்து தூங்க வெப்பாங்க

பாட்டி: 🎤 குரல் பதிவு 0:51

செந்தில்: ஆபீஸ்ல இருக்கேன் கேக்க முடியாது, என்னவாம்

கமலா: கொழந்தைய பட்டினி போட சொல்றாங்களாங்கறாங்க

நிவேதா: பட்டினி இல்ல பாட்டி, பால குடுத்துட்டு அப்புறம் தேய்ச்சு விடுங்க. தூங்கறப்ப எச்சில் ஊறுறது கம்மி, அந்த இனிப்பு விடிய விடிய பல்லுல ஒட்டிட்டே இருக்கும்

செந்தில்: சரி வியாழக்கிழமை கூட்டிட்டு போறேன். கேப் எத்தன வருசம் தாங்கும்

நிவேதா: பல்லு இருக்கற வரைக்கும் மாமா. 11 வயசுல பல்லோட சேந்து கேப்பும் விழுந்துரும்

பாட்டி: 🎤 குரல் பதிவு 0:09

கமலா: கேப்பு வெள்ளியா, விழுந்தா டாக்டர் எடுத்துக்குவாரா நமக்கு குடுப்பாரான்னு கேக்கறாங்க

நிவேதா: ஸ்டீல் பாட்டி 😂😂