தெற்குவாடி தெரு குரூப்: டிசம்பர் 22ஆம் தேதி, பிரிட்டிஷ் ராக் குழு 'தி கிளாஷ்' பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் நினைவு மாலை

[மாலை 6:04] குட்டி: (போஸ்டர் படம்)

[மாலை 6:04] குட்டி: மொத வரைவு. பாத்துட்டு வெரசாச் சொல்லுங்க, காலைல பிரிண்டுக்குப் போகணும்

[மாலை 6:09] கீழக்கரை காக்கா: தம்பி, ஆளே மாறிப்போச்சு. நீ போட்டிருக்கது அவுங்க 'லண்டன் காலிங்' ரெக்கார்டு அட்டையில உள்ள படம். அது ஜோ ஸ்ட்ரம்மர் இல்ல, அதே குழுவுல இருந்த பால் சிமனன். கையில இருக்கது சாதாரண கிட்டாரும் இல்ல, அடிச்சத்தத்துக்கான பேஸ் கிட்டார். 1979 செப்டம்பர்ல நியூயார்க் பல்லேடியத்துல அதைத் தரையில அடிச்சு ஒடைக்கிறப்ப பென்னி ஸ்மித் எடுத்தது.

[மாலை 6:10] கீழக்கரை காக்கா: கலங்கலா இருக்குன்னு படம் எடுத்த அந்தம்மாவே வேணாம்னாங்க. இதைத்தான் போடணும்னு நின்னது ஸ்ட்ரம்மர். அவர் சம்பந்தம் அம்புட்டுத்தான்.

[மாலை 6:11] குட்டி: ஐயோ. அப்ப வேற என்ன போட

[மாலை 6:13] கிட்டார் தம்பி: ஸ்ட்ரம்மரோட கறுப்பு டெலிகாஸ்டர் கிட்டாரை வரைஞ்சிரு. 1966ல செஞ்ச கிட்டார், அவர் வாங்குனது 1975ல. ஒரிஜினல் கலர் மேல கார் பெயின்ட் அடிச்சு கறுப்பாக்குனது. ஓரமெல்லாம் உரிஞ்சு போயிருக்கும், பளபளன்னு வரைஞ்சிராத. மேல ஒட்டுன ஸ்டிக்கர் 'இக்னோர் ஏலியன் ஆர்டர்ஸ்'.

[மாலை 6:14] கிட்டார் தம்பி: இன்னொண்ணு. அவர் இடதுகைக்காரர், ஆனா வாசிச்சது வலதுகைக்காரங்க மாதிரி. இடதுகைக்காரர்னு படிச்சிட்டு கிட்டாரைத் திருப்பி வரைஞ்சா தப்பு. கழுத்து அவரோட இடது கையிலதான்.

[மாலை 6:20] டீச்சர் அக்கா: போஸ்டர்ல எழுத்தையும் பாருங்கப்பா. "மாரடைப்பால் மறைந்த"ன்னு இருக்கு. சரியா?

[மாலை 6:24] நர்ஸ் லாத்தா: சரியில்ல அக்கா. பொறக்கும்போதே இருந்த இதயக் கோளாறு, உசுரோட இருந்தவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கல. "கண்டறியப்படாத பிறவி இதயக் குறைபாட்டால்"னு போடுங்க. நீளம்னா "திடீரென"ன்னு மட்டும் போதும். மாரடைப்புன்னா எல்லாரும் சிகரெட்டு, எண்ணெய்னு பேச ஆரம்பிச்சிருவாக.

[மாலை 6:26] டீச்சர் அக்கா: குட்டி, இப்புடி மாத்து: ஜோ ஸ்ட்ரம்மர் (ஜான் கிரஹாம் மெல்லர்), பிறப்பு 21.8.1952 அங்காரா, மறைவு 22.12.2002 சாமர்செட், வயது 50. 'தி கிளாஷ்' பாடகர், ரிதம் கிட்டார்.

[மாலை 6:27] குட்டி: அங்காராவா? துருக்கிக்காரரா?

[மாலை 6:29] டீச்சர் அக்கா: அப்பா பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையில வேலை, அதுனால ஊர் ஊரா. அந்த அப்பா பொறந்தது நம்ம லக்னோல. அதைப் போஸ்டர்ல போட்டுறாத, "இந்திய வம்சாவளி"ன்னு கெளப்பி விட்ருவாய்ங்க.

[மாலை 6:41] மைக்செட் மாமா: மேடைக்கு வாங்கப்பா. வாடைக்காத்து அடிக்கிற மாசம். வடகடல் பக்கம் போட்டா மைக்ல பொஸ்ஸு பொஸ்ஸுன்னு காத்துதான் பாடும். தென்கடல் பக்கம் போடுறோம், மேடை முதுகு வடக்க பாத்து, பின்னாடி தார்ப்பாய். தார்ப்பாயை இறுக்கிக் கட்டிராதிய, அடியில ஒரு முழம் விடுங்க. இல்லன்னா பாய்மரம் மாதிரி காத்தைப் புடிச்சு கம்பைச் சாச்சுரும்.

[மாலை 6:43] மைக்செட் மாமா: குழாய் ஸ்பீக்கர் வேணாம். அறிவிப்புக்கு நல்லாருக்கும், கிட்டாருக்கு ஆகாது. அடித்தொண்டைச் சத்தமே வராது, தகரத்துல ஆணி கீறுன மாதிரி இருக்கும். பெட்டி ரெண்டு போதும். ராத்திரி 10க்கு மேல ஒலிபெருக்கி கூடாதுன்னு சட்டம். 6:30க்கு ஆரம்பிச்சு 9க்கு முடிச்சிரணும்.

[மாலை 6:45] கிட்டார் தம்பி: மாமா, கிட்டார் ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) ஒண்ணுதான் இருக்கு. ரெண்டாவது கிட்டாரை நேரா மைக்கெல்லாம் சேர்ற மிக்ஸர்ல குத்திரவா?

[மாலை 6:48] மைக்செட் மாமா: குத்தாத. கிட்டார்ல சத்தத்தைப் புடிக்கிற பிக்கப்புக்கு 1 மெகாஓம் மாதிரி பெரிய இன்புட் தடை வேணும். மைக் இன்புட்டு ரெண்டு கிலோஓம் தேறாது. சத்தத்தை இழுத்து மழுங்கடிச்சிரும், போர்வைக்குள்ள வாசிச்ச மாதிரி. நடுவுல இந்த ரெண்டையும் பொருத்திக் குடுக்கிற டிஐ பாக்ஸ் வையி. நான் எடுத்தாறேன்.

[மாலை 6:50] மைக்செட் மாமா: இதைக் கவனமாப் படி. ஆம்ப், மிக்ஸர் ரெண்டுக்கும் ஒரே பிளக்குல இருந்துதான் கரண்டு. ஒண்ணு ஜெனரேட்டர், ஒண்ணு வீட்டு லைன்னு எடுத்தா எர்த் ரெண்டாயிரும். கிட்டார் கம்பியில கை, மைக்ல ஒதடு, காலுக்குக் கீழ ஈர மணல். அடிச்சா ஆளையே தூக்கிரும். பாடுறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை ஏசி வோல்ட்ல வச்சு ஒரு முனை கம்பியில, ஒரு முனை மைக் வலையில. சுழியத்துக்குப் பக்கத்துல இல்லன்னா யாரும் மேடை ஏறக்கூடாது. லைன்ல கரண்டு கசிஞ்சா உடனே அணைக்கிற 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி கட்டாயம். மேடைக்கு ரப்பர் பாய்.

[மாலை 6:52] நர்ஸ் லாத்தா: யாராச்சும் விழுந்து மூச்சுப் பேச்சு இல்லன்னா: கரண்டா இருந்தா மொதல்ல மெயினை அணைங்க, அதுக்குப் பெறகுதான் ஆளைத் தொடணும். ஒருத்தர் 108க்குப் போடுங்க, ஒருத்தர் நெஞ்சு நடுவுல ரெண்டு கையும் வச்சு 5 செமீ ஆழம் அமுக்குங்க, நிமிஷத்துக்கு 100லேருந்து 120. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாம, ஆள் மாத்தி மாத்தி. தண்ணி ஊத்துறது, சாவியைக் கையில குடுக்கிறது எதுவும் வேணாம்.

[மாலை 6:53] மைக்செட் மாமா: 👍 நீ முன்வரிசையில இரும்மா

[இரவு 7:10] கிட்டார் தம்பி: காக்கா, ரெண்டு பாட்டுக்கு ஒரு கம்பி அறுது. மெல்லிசான 9-42 கம்பி செட்டு போட்டிருக்கேன்.

[இரவு 7:16] கீழக்கரை காக்கா: எங்க அறுதுன்னு பாரு. பாலத்துக்கிட்டன்னா, கம்பி உக்கார்ற சேடில்ல பிசிறு இருக்கு. 600 நம்பர் உப்புத்தாளை நாலா மடிச்சு அந்தக் காடியில லேசா தேய். தலைக்கிட்டன்னா, அங்க கம்பி போற காடி இருக்க நட்டு இறுக்கம், பென்சில் கரியைத் தடவு. செட்டையும் மாத்து. இந்த அடிக்கு 9 தாங்காது, தடிமனான 10-46 இல்லன்னா 11-49 போடு. தடிமன் மாறுனா கழுத்து முன்னாடி வளையும், கழுத்துக்குள்ள அதை நிமித்துற டிரஸ் ராடைக் கால் சுத்துக்கு மேல ஒரே நாள்ல திருப்பிராத.

[இரவு 7:18] கீழக்கரை காக்கா: அதவிட முக்கியம் கம்பியில படியிற உப்பு. வாசிச்சு முடிச்சதும் காஞ்ச பருத்தித் துணியால கம்பிக்கு அடியிலயும் சேத்துத் தொடைக்கணும். ஈரத் துணி வேணாம். ஜாக்ல கரகரன்னா கான்டாக்ட் கிளீனர் ரெண்டு சொட்டு, பிளக்கைப் பத்து தடவை சொருகி எடு. தேங்காண்ணெய் போட்டிராத, தூசியப் புடிச்சுக்கிட்டு அடைச்சுரும்.

[இரவு 7:21] கிட்டார் தம்பி: மணிக்கட்டும் உரசிப் புண்ணாகுது

[இரவு 7:25] கீழக்கரை காக்கா: ஸ்ட்ரம்மருக்கும் அதான். கையில டேப்பைச் சுத்திக்கிட்டுத்தான் மேடை ஏறுவாரு. நீ மொதல்ல பருத்தி மணிக்கட்டுப் பட்டையைப் போடு, அதுக்கு மேல 2 இஞ்ச் துணி டேப்பு ரெண்டு சுத்து. தோல் மேல நேரா ஒட்டுனா வேர்வையில வழுக்கும், பிய்க்கிறப்ப தோலும் வரும். இறுக்குனா விரல் மரத்துப்போகும். சுத்துனப்பறம் கையை மூடித் தொறந்து பாரு.

[இரவு 7:31] குட்டி: இம்புட்டு அடிச்சா சத்தமாத்தான் இருக்கும், பாட்டா இருக்குமா?

[இரவு 7:38] கீழக்கரை காக்கா: ஸ்ட்ரம்மர்ங்கற பேரே அதுக்குத்தான். ஆறு கம்பியும் ஒண்ணா அடிப்பேன், இல்ல அடிக்கவே மாட்டேன்னு அவரே வச்சுக்கிட்டது. இடதுகைக்காரன் வலதுல பழகுனதால கிட்டார்ல தேறலன்னு அவருக்கே குறை உண்டு. அந்தக் குழுவுல நுணுக்கமா வாசிக்க மிக் ஜோன்ஸ் இருந்தாரு. இவர் கை செண்டை மாதிரி, தாளம் விடாமப் போகும். தம்பி, நீ நடுவுல தனி வாசிப்பு சொருகாத. கேட்டா எனக்குக் கோவம் வரும்.

[இரவு 7:40] கீழக்கரை காக்கா: வேகம் முழங்கையிலருந்து வரணும். ரெகேங்கற ஜமைக்கா இசைத் தாளத்துக்கு மட்டும் அடிச்ச உடனே இடதுகை விரலைத் தளத்திரு, கம்பிய விட்டுறாத. சத்தம் "சக்"குனு நிக்கும்.

[இரவு 7:52] டீச்சர் அக்கா: பாட்டு ஒலிபரப்புற நேரத்துக்கு ரெக்கார்டு எது?

[இரவு 7:57] கீழக்கரை காக்கா: 'லண்டன் காலிங்' ரெண்டு தட்டும். கம்பெனி ரெட்டைத் தட்டு தரமாட்டேன்னுச்சு, கூட இலவசமா ஒரு சிங்கிள் (ஒண்ணு ரெண்டு பாட்டுத் தட்டு) போடலாம்னு மட்டும் ஒத்துக்கிச்சு. அந்த இலவசத்தையே முழு ரெண்டாந்தட்டா நெரப்பி, ஒரு தட்டு வெலைக்கு வித்தாய்ங்க. மொத்தம் 19 பாட்டு. பழைய அட்டையில 18தான் அச்சாயிருக்கும், கடைசிப் பாட்டு பின்னாடி சேந்தது. குட்டி, பட்டியலை அட்டையப் பாத்து எழுதிராத.

[இரவு 7:59] கீழக்கரை காக்கா: அவுங்களோட இன்னொரு ரெக்கார்டு 'சாண்டினிஸ்டா' மூணு தட்டு, 36 பாட்டு, அதுக்கு நேரம் பத்தாது. அதையும் மலிவா விக்கணும்னு பிரிட்டன்ல மொத 2 லட்சம் பிரதிக்கு ராயல்டியை விட்டுக்குடுத்தாய்ங்க.

[இரவு 8:03] மைக்செட் மாமா: வசூலு உண்டியலா?

[இரவு 8:06] டீச்சர் அக்கா: உண்டியல் வைப்போம், தெருத் தண்ணிக்குழாய்க்கு. ஸ்ட்ரம்மரும் 2002 நவம்பர் 15ல லண்டன் ஆக்டன்ல, வேலைநிறுத்தம் செஞ்ச தீயணைப்புக்காரங்களுக்காகத்தான் பாடுனாரு. அன்னைக்கு மிக் ஜோன்ஸும் மேடை ஏறுனாரு. 1983ல பிரிஞ்சதுக்கப்பறம் ரெண்டு பேரும் ஒரே மேடையில நின்னது அன்னைக்குத்தான். 37 நாள்ல ஆளே இல்ல.

[இரவு 8:07] கிட்டார் தம்பி: 😔

[இரவு 8:15] குட்டி: (போஸ்டர் படம்) மாத்திட்டேன். கறுப்பு கிட்டார், ஸ்டிக்கர், தேதி, "திடீரென"

[இரவு 8:17] கீழக்கரை காக்கா: கம்பி அஞ்சுதான் வரைஞ்சிருக்க

[இரவு 8:18] குட்டி: 🙏 ஆறாக்கிர்றேன்