கோயில் மேடைக்கு எலெக்ட்ரானிக் டிரம்ஸ் தாங்குமா?

கோபி கீபோர்டு:
வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் மெல்லிசைக் குழு நடத்தறோம். முகூர்த்த நாள்ல மண்டபம், பங்குனி சித்திரைல மாரியம்மன் கோயில் மேடை. தகரக் கூரை மண்டபத்துல ஸ்னேர் டிரம் அடி விழுந்தாப் பாடறவங்க குரலே அமுங்கிப் போகுது, பொண்ணு வீட்டுக்காரங்க மேடைக்கே வந்துடறாங்க. எங்க டிரம்மர் தம்பி ரோலண்ட் டிடி-17 எலெக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கலாம்கறான். திருவிழா மேடைக்கும் சரிப்படுமாங்க?

ஈரோட்டு டிரம்மர்:
தாராளமா வாங்குங்க. ஆனா மானிட்டருக்கும் (வாசிக்கறவங்க கேக்க மேடையிலயே வைக்கற ஸ்பீக்கர்) சேர்த்தே பணம் ஒதுக்குங்க, இதை எல்லார்கிட்டயும் மல்லுக்கட்டிச் சொல்றேன். வலைத்துணி போட்ட மெஷ் பேடுல அடிச்சா மேடையில தப்தப்புன்னுதான் கேக்கும். கிக் (கால்ல மிதிக்கற டிரம்) எங்க விழுதுன்னு பேஸ்காரருக்குத் தெரியாது. வெளிய ஓடற பெரிய பாக்ஸைக் கேட்டு வாசிக்க ஆரம்பிப்பாங்க. சத்தம் செகண்டுக்குச் சுமார் 340 மீட்டர் போகுது. பாக்ஸ் 10 மீட்டர் தள்ளி இருந்தா காதுக்கு வர ஏறக்குறைய 30 மில்லிசெகண்ட். குத்துப் பாட்டு இழுக்க அது போதுமுங்க, பழி மட்டும் மாடுல் (சத்தத்தை உண்டாக்கற பெட்டி) மேல விழும். டிரம்மர் பக்கத்துலயே ஒரு 12 இல்லாட்டி 15 இஞ்ச் பவர்டு ஸ்பீக்கர் வச்சுருங்க, கிக் அவரு நெஞ்சுல தட்டணும்.

அப்பறம் பலகை மேடை. டான்ஸ் ஆடறவங்க குதிச்சா பேடெல்லாம் மாட்டற ராக் கம்பி ஆடி, அடிக்காத டாம் பேடு தன்னால கேக்கும். பவானி ஜமக்காளத்தை நாலா மடிச்சு ராக்குக்கு அடியில போடுங்க, அந்தப் பேடோட த்ரெஷோல்டை, அதாவது எவ்வளவு பலமா அடிச்சா சத்தம் வரணும்கற அளவை, துளி ஏத்துங்க. அளவுக்கு மீறி ஏத்தினா ஸ்னேர்ல மெதுவா உருட்டற கோஸ்ட் நோட்டெல்லாம் காணாமப் போயிரும்.

திருப்பூர் சவுண்ட்:
மிக்சர்ல நிக்கற ஆளா ஒண்ணு சொல்றேனுங்க. டிடி-17ல எல், ஆர் ரெண்டு லைன்தான் வெளிய வரும். கிக்கை மட்டும் ஏத்துன்னா என்னால முடியாது, தம்பி மாடுல்ல ஏத்தணும். செக் பண்றப்ப மைதானத்துல ஒருத்தரை நிறுத்திக் கேட்டுக்கங்க. அதுக்கு மேல் மாடல் டிடி-27ல கிக் மாதிரி ஒண்ணைத் தனி லைனா எடுக்க டைரக்ட் அவுட் ரெண்டு இருக்கு, காசு இருந்தா அதைப் பாருங்க. இரைச்சலைக் குறைக்கற டிஐ பாக்ஸ் இல்லாம நீள ஒயர் இழுத்தா உர்ருன்னு இரையும். கரண்ட் போயி ஜெனரேட்டருக்கு மாத்தற நேரத்துல மாடுல் அணைஞ்சுரும், சின்ன யூபிஎஸ் கட்டாயம்.

கோபி கீபோர்டு:
ரொம்ப நன்றிங்ண்ணா. பழைய டிரம்ஸை வித்துரலாங்களா?

ஈரோட்டு டிரம்மர்:
விக்காதீங்க தம்பி. ஹை-ஹேட்டும் ஒரு கிராஷும் வெட்டவெளியில நெசமான சிம்பல் தட்டாவே இருக்கட்டும், அந்தக் கணகணப்பு பேடுல முழுசா வராது. கிக், ஸ்னேர், டாம் மட்டும் பேடு. மண்டபத்துல எல்லாமே பேடு. ஆக்டோபேடை (எட்டுப் பேடு இருக்கற எலெக்ட்ரானிக் பெட்டி) இடது கைப் பக்கமே விடுங்க, உறுமி, பம்பை சத்தமெல்லாம் அதுல போயிட்டிருந்தா மாத்த வேண்டாம்.