விருதம்பட்டில் புது வீடு: பூச்சு வேலைக்கு முன் நெட்வொர்க் பைப், சர்வர் ராக் எங்கே, எப்படி?

வீட்டுவலை_632

வணக்கம். வேலூர் விருதம்பட்டில் கீழும் மேலுமாக இரண்டு தள வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். தளம் போட்டாயிற்று. எலக்ட்ரீஷியன் சுவர் கொத்தி பைப் பதித்துக்கொண்டிருக்கிறார். பத்து நாளில் பூச்சு ஆரம்பம், அதற்குள் நெட்வொர்க் பைப்பும் சுவருக்குள் போயாக வேண்டும்.

ஹாலில் 2 பாயின்ட், படிப்பறையில் 4, படுக்கையறைகள் மூன்றிலும் தலா 1, வைஃபை ஆக்சஸ் பாயின்ட் தளத்துக்கு ஒன்று, வெளியே 4 கேமரா. 9யு ராக்கை (நெட்வொர்க் கருவிகளை அடுக்கும் அலமாரி, யு என்பது உயர அளவு) மேல்மாடிப் படிப்பறை லாஃப்டில் வைக்க எண்ணம், கண்ணுக்குத் தெரியாது என்பதால். ஒரு பழைய ராக் சர்வர் மலிவாக வருகிறது, அதில் 4 டிபி டிஸ்க் இரண்டு. ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டும் மென்பொருள்) போட்டு உள்ளே ஓபிஎன்சென்ஸ் ராவுட்டர், ஜெல்லிஃபின் (வீடியோவுக்கு), இம்மிச் (போட்டோவுக்கு), பை-ஹோல் (விளம்பரத் தடுப்புக்கு), ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டுக் கருவிகளை இயக்க). கரண்ட் போனால் 150 ஏஎச் பேட்டரியுடன் வீட்டு இன்வெர்ட்டர்.

1. எந்த வயர், எத்தனை மீட்டர்?
2. இன்வெர்ட்டர் போதுமா, தனி யூபிஎஸ் வேண்டுமா?
3. இப்போது இருக்கும் வாடகை வீட்டு ஃபைபரில் ராவுட்டரின் வான் ஐபி (இணையப் பக்க முகவரி) 100.72 என்று ஆரம்பிக்கிறது. போர்ட் ஃபார்வர்டு செய்தாலும் (வரும் இணைப்பை ராவுட்டரில் சர்வருக்குத் திருப்பிவிட்டாலும்) வெளியிலிருந்து வர முடியவில்லை. புது வீட்டிலும் இதே கதைதானா?

பாலாறு_பாக்கெட்

முதலில் பைப்பைப் பார்ப்போம். சர்வரை அடுத்த வருடம்கூட மாற்றலாம், பூச்சுக்குப் பின் பைப்பை மாற்ற முடியாது.

25 மிமீ பிவிசி பைப் போடச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியன் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போவார், பக்கத்தில் நின்று பாருங்கள். கேட் 6 வயர் ஏறக்குறைய 6 மிமீ தடிமன். ஒரு பைப்பில் மூன்று வயர் சுகமாகப் போகும். நான்காவதை முறுக்கி இழுத்தால் உள்ளே ஜோடி ஜோடியாக முறுக்கிய கம்பிகளின் முறுக்கு நசுங்கும். அது கண்ணுக்குத் தெரியாது, ஸ்பீடில்தான் தெரியும். இழுக்கும் விசை 11 கிலோவைத் தாண்டக் கூடாது. ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குள் இரண்டு வளைவுக்கு மேல் வேண்டாம். குட்டை எல்போ போடாமல் நீள பெண்டு போடுங்கள். எல்லா பைப்பிலும் இப்போதே நைலான் கயிறு விட்டு, இரு முனையையும் துணியால் அடைத்து டேப் சுற்றிவிடுங்கள். பூச்சுக் கலவை உள்ளே போய் இறுகினால் அந்த பைப் இல்லாத கணக்குதான்.

கரண்ட் பைப்போடு சேர்த்து ஒரே காடியில் போடாதீர்கள். 30 செமீ தள்ளி ஓடட்டும், குறுக்கே போக வேண்டிய இடத்தில் நேர் குறுக்காக. சுவர் மெட்டல் பாக்ஸ் 50 மிமீ ஆழம் உள்ளதாக வாங்குங்கள். ஆழம் குறைந்த பாக்ஸில் கீஸ்டோனுக்கு (வயர் வந்து முடியும் சாக்கெட்) பின்னால் வயர் மடங்கி ஒடிகிறது.

தளம் போட்டுவிட்டதால் ஆக்சஸ் பாயின்ட்டுக்குக் கூரைக்குள் பைப் கொண்டுபோக முடியாது. மாடிப்படிப் பக்கச் சுவரில் ஏழு, எட்டு அடி உயரத்தில் பாக்ஸ் வையுங்கள். 9 அங்குலச் சுவர் இரண்டைத் தாண்டினாலே 5 கிகா துவண்டுவிடும், தளத்தைத் தாண்டிப் போகும் என்று நம்பவே வேண்டாம். தளத்துக்கு ஒன்று என்ற உங்கள் கணக்கு சரி.

வயர்: உங்கள் பட்டியல் 15 பாயின்ட், ஒன்று உபரியாக 16. சராசரி 18 மீட்டர் என்றால் 288. ஒரு பெட்டி 305 மீட்டர், மட்டுமட்டு. ராக் பக்கம் 2 மீட்டர், சுவர்ப் பக்கம் ஒரு முழம் விட வேண்டும் என்பதால் வயரை வெட்டும் முன் ஒவ்வொரு ஓட்டத்தையும் கயிறு பிடித்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

முழுச் செம்பு வயர்தானா என்று கட்டாயம் பாருங்கள். செம்பு பூசிய அலுமினிய வயரும் அதே நிறத்தில், அதே எழுத்தோடு, பாதி விலைக்கு வரும். பிளேடால் கம்பியைச் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். இன்னும் உறுதியான சோதனை: பெட்டியின் ஒரு முனையில் ஒரே ஜோடியின் இரு கம்பிகளையும் முறுக்கிச் சேருங்கள், மறுமுனையில் மல்டிமீட்டரை ஓம்ஸில் வையுங்கள். 305 மீட்டர் செம்பு கேட் 6 சுமார் 40 ஓம் காட்டும். தரநிலையின் உச்ச வரம்பு 100 மீட்டருக்கு ஒரு கம்பிக்கு 9.38 ஓம், போகவர முழுப் பெட்டிக்கு 57. அதைத் தாண்டினால் அந்த வயர் வேண்டாம். அலுமினிய வயரில் கேமராவுக்கு பிஓஇ (நெட்வொர்க் வயர் வழியாகவே கரண்ட்) கொடுத்தால், இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரியும்போது வோல்டேஜ் விழுந்து கேமரா ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். காரணம் புரியாமல் கேமராவை மாற்றுவார்கள்.

கலர் வரிசை இரு முனையிலும் டி568பி: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. முறுக்கை 13 மிமீக்கு மேல் பிரிக்காதீர்கள். கிகாபிட் சுவிட்சில் ஒரு பாயின்ட் மட்டும் 100 எம்பிபிஎஸ் காட்டினால் நீலமோ பழுப்போ தொடவில்லை. 100க்கு ஆரஞ்சும் பச்சையும் போதும், கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். அந்த இரண்டைத்தான் முதலில் மறுபடி பஞ்ச் செய்ய வேண்டும்.

கத்திரி_ராக்

லாஃப்ட் வேண்டவே வேண்டாம். இதில் நான் பிடிவாதமாகவே சொல்கிறேன்.

கத்திரி வெயிலில் நம் ஊர் 106, 108 டிகிரி போகும், அதாவது 41, 42 செல்சியஸ். மொட்டை மாடித் தளம் பகல் முழுக்க வாங்கிய சூட்டை ராத்திரியெல்லாம் கீழே விடும். அந்தத் தளத்துக்கு ஒன்றரை அடி கீழே, காற்றோட்டம் இல்லாத லாஃப்டில், கண்ணாடிக் கதவு போட்ட ராக். ஹார்ட் டிஸ்க்குக்கு நிறுவனங்கள் கொடுக்கும் உச்ச வரம்பு பெரும்பாலும் 60 டிகிரி. 45க்குள் ஓடினால்தான் நிம்மதி. லாஃப்டில் அறைக்காற்றே 40ஐத் தொட்டால் டிஸ்க் எங்கே நிற்கும் என்று பாருங்கள். யூபிஎஸ்ஸின் லெட் ஆசிட் பேட்டரி இன்னும் மோசம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும்.

கீழ்த்தளத்தில் மாடிப்படிக்கு அடியில் வையுங்கள், மேற்குச் சுவரை மட்டும் தவிர்த்து. தரையிலிருந்து இரண்டடி உயரம். கண்ணாடிக் கதவைக் கழற்றிவிட்டு சல்லடைக் கதவு, மேலே 120 மிமீ ஃபேன் ஒன்று காற்றை வெளியே தள்ளும்படி. வயர் நுழையும் ஓட்டைகளைப் பிரஷ் வைத்து அடையுங்கள். சூட்டுக்குப் பல்லியும் எறும்பும் தேடி வந்து பவர் சப்ளைக்குள் புகுந்துவிடும்.

பழைய ராக் சர்வரும் வேண்டாம். சும்மா இருக்கும்போதே 150 வாட் இழுக்கும் ரகம் அது. 150 வாட் × 24 மணி × 60 நாள் = 216 யூனிட், ஒரே பில்லில். மாதக் கணக்கில் யோசித்து ஏமாறாதீர்கள், நமக்கு ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஏசியும் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாபும் (கட்டண அடுக்கு) மாறும். அந்தச் சூடும் சத்தமும் தனி. அதற்குப் பதில் ஆபீஸ்களிலிருந்து கழித்து வரும் எட்டாம் தலைமுறை ஐ5 சிறிய டெஸ்க்டாப் வாங்குங்கள். சும்மா இருக்கையில் டிஸ்க் சேர்த்து 35 வாட்டுக்குள் நிற்கும். ஜெல்லிஃபினுக்கு அதன் உள் கிராஃபிக்ஸே 10 பிட் ஹெச்இவிசி வீடியோ வரை கையாளும். வாங்கும் முன் மூடியைத் திறந்து 3.5 அங்குல டிஸ்க் இடம் இரண்டு உண்டா, இரண்டுக்கும் பவர் கனெக்டர் உண்டா என்று கண்ணால் பாருங்கள். இந்த ரகத்தில் பவர் சப்ளை அந்தந்தக் கம்பெனியின் தனி அளவு, பிறகு மாற்ற முடியாது. ரிச்சி ஸ்ட்ரீட் போனாலும் இதே சோதனைதான்.

மொத்த லோடு: ஓஎன்டி (ஃபைபர் வந்து முடியும் பெட்டி) 8, ராவுட்டர் 10, சுவிட்ச் 12, பிஓஇ வழியாகக் கேமரா 4 × 6, ஆக்சஸ் பாயின்ட் 2 × 12, சர்வர் 35. கூட்டினால் 113 வாட். 150 ஏஎச் பேட்டரி தாளில் 1,800 வாட் மணி, உருப்படியாகக் கிடைப்பது 1,000 பக்கம். இன்வெர்ட்டர் இழப்பும் கழித்தால் ராக் மட்டும் ஓடினால் ஏழரை மணி நேரம். வீட்டின் இரண்டு சீலிங் ஃபேனும் சேர்ந்து சுற்றினால் மூன்று மணி நேரம்கூட இழுபறிதான். மாதாந்திரப் பராமரிப்பு ஷட்டவுன் காலை 9 மணிக்கு ஆரம்பித்தால் மாலை வரை போகும், அதற்கு இது போதாது. அதனால் சர்வர் தானாக அணையும் ஏற்பாடு கட்டாயம்.

வீட்டுவலை_632

லாஃப்டை விட்டுவிட்டேன். மாடிப்படிக்கு அடியில் மேஸ்திரியிடம் சொல்லியாயிற்று. ராக் சர்வரும் இல்லை.

இரண்டு சந்தேகம். சைட்டில் தற்காலிக போர்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 4 வோல்ட் காட்டுகிறது, டைல்ஸ் கட்டிங் மெஷின் ஓடும்போது 10 ஆகிறது. இது ஆபத்தா? அப்புறம், இன்வெர்ட்டர் மாறும் நேரத்தில் சர்வர் ரீஸ்டார்ட் ஆகாதா?

கத்திரி_ராக்

லோடு ஏறும்போது கூடவே ஏறினால் அது நியூட்ரலில் விழும் வோல்டேஜ். தற்காலிக இணைப்புக்கு நீளமான மெல்லிய வயர் இழுத்திருப்பார்கள், அல்லது எங்கோ ஜாயின்ட் லூஸ். நிரந்தர லைனும் எர்த் குழியும் வந்த பிறகு மறுபடி அளங்கள். முழு லோடிலும் 3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. வீட்டு லோடு எல்லாம் அணைத்த பிறகும் நிற்காமல் காட்டினால் போஸ்ட்டிலிருந்து வரும் நியூட்ரல் ஜாயின்ட்டைப் பார்க்கும்படி மின்வாரியத்தில் எழுதிக் கொடுங்கள்.

எர்த் குழியில் கஞ்சத்தனம் வேண்டாம். விருதம்பட்டு பாலாற்றுக் கரை, மணல் காய்ந்தால் எர்த் ரெசிஸ்டன்ஸ் எகிறும். சத்துவாச்சாரி மலைப் பக்கம் பாறைத் தொல்லை, இங்கே மணல் தொல்லை. ஜிஐ பைப்பைச் சுற்றிக் கரியும் உப்பும் மட்டும் போட்டால் மழைக்கு மழை உப்பு கரைந்து போகும். பெண்டோனைட் கலவை ஈரத்தைப் பிடித்து வைக்கும். எர்த் டெஸ்டர் வைத்து 5 ஓமுக்குள் வருகிறதா என்று ஏப்ரல், மே மாதத்தில் அளக்கச் சொல்லுங்கள். ஐப்பசியில் அளந்தால் எந்தக் குழியும் நன்றாகத்தான் காட்டும்.

இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோடு, நார்மல் மோடு என்று சுவிட்ச் இருக்கும். யூபிஎஸ் மோடில் மாறும் நேரம் சுமார் 10 மில்லி செகண்ட், கம்ப்யூட்டர் தாங்கும். நார்மலில் அதைப்போல சில மடங்கு, சர்வர் விழும். ஆனால் யூபிஎஸ் மோடு 180 வோல்ட்டுக்குக் கீழே போனாலே பேட்டரிக்குத் தாவும். மாலையில் லோ வோல்டேஜ் உள்ள தெருவில் பேட்டரி தினமும் காலியாகும். அப்படி இருந்தால் வீட்டை நார்மலில் விட்டு, ராக்குக்கு மட்டும் 600 விஏ யூபிஎஸ் ஒன்று இடையில் வையுங்கள். இன்வெர்ட்டர் சைன் வேவ் ஆக இருக்க வேண்டும். ஸ்கொயர் வேவ் கொடுத்தால் யூபிஎஸ் அதைக் கரண்ட் என்றே ஏற்காமல் பேட்டரியிலேயே நிற்கும்.

பாலாறு_பாக்கெட்

மொட்டை மாடிக் கேமராவைப் பற்றி ஒன்று. கோடை இடி மழையில் முதலில் போவது வெளியே ஓடும் செம்பு வயர் வழியாக சுவிட்ச் போர்ட்தான், சில சமயம் சுவிட்சோடு சர்வரின் லேன் போர்ட்டும். வெளிக் கேமரா நான்குக்கும் தனி பிஓஇ சுவிட்ச் வைத்து, அதற்கும் மெயின் சுவிட்சுக்கும் நடுவே ஒரு மீட்டர் ஃபைபர் பேட்ச் கார்டு, இரண்டு மீடியா கன்வெர்ட்டர் (செம்பு வயரையும் ஃபைபரையும் இணைக்கும் பெட்டி). கண்ணாடி இழையில் மின்சாரம் தாண்டாது. இடி விழுந்தாலும் சேதம் பெரும்பாலும் கேமரா சுவிட்சோடு நிற்கும், பவர் லைனுக்கும் சர்ஜ் ப்ரொடெக்டர் போட்டிருந்தால்.

ரூட்_ராணிப்பேட்டை

மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். 100.64 முதல் 100.127 வரை உள்ள முகவரிகள் இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது ஐபியைப் பகிரும்போது உள்ளே கொடுப்பவை. அங்கே உங்கள் ராவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை. ஸ்டேட்டிக் ஐபி மாதக் கட்டணத்துக்குத் தருவார்களா என்று இணைப்பு வாங்கும் முன்பே கேளுங்கள். இல்லையென்றால் ஐபிவி6 வழி, அல்லது டெயில்ஸ்கேல், அல்லது வாடகை விபிஎஸ் (இணையத்தில் உள்ள சர்வர்) ஒன்றில் வயர்கார்ட். இவை இரண்டும் விபிஎன், வெளியிலிருந்து வீட்டுக்குள் வர ஒரு தனிப் பாதை. வீட்டுப் பக்கம் கீப்-அலைவ் (இணைப்பு அறாமல் இருக்க அனுப்பும் சிறு செய்தி) 25 விநாடி வையுங்கள். பிபிபிஓஇ (பயனர் பெயர், பாஸ்வேர்டு கேட்கும்) இணைப்பில் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச பைட் அளவு) 1492, வயர்கார்டுக்கு 1412. இதை இப்படி வைக்காவிட்டால் பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சிறு செய்தி) போகும், லாகின் பக்கம் பாதியில் தொங்கும்.

வீட்டு முகவரிக்கு 192.168.0, 192.168.1 வேண்டாம். வெளியூரில் உறவினர் வீட்டு வைஃபையும் அதே எண்ணில் இருந்தால் விபிஎன் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கும். 10.63.10 வீட்டுக்கு, 10.63.20 கேமராவுக்கு, 10.63.30 விருந்தினருக்கு என்று விலேன் (ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்) பிரியுங்கள். கேமரா விலேனுக்கு இணையம் கொடுக்காதீர்கள்.

ராவுட்டரை ப்ராக்ஸ்மாக்ஸுக்குள் வைக்காதீர்கள். சர்வரை அப்டேட் செய்ய ரீபூட் போட்டால் வீடே இணையமில்லாமல் நிற்கும், பிழையைத் தேடவும் இணையம் இருக்காது. தனிப் பெட்டியில் ஓபிஎன்சென்ஸ் அல்லது ஓபன்டபிள்யூஆர்டி என்ற ராவுட்டர் மென்பொருள். பை-ஹோலும் இரண்டு வேண்டும், இரண்டாவது ராஸ்பெர்ரி பை என்ற சிறு கம்ப்யூட்டரில். டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படாத வகை) என்று டேட்டாஷீட்டில் பார்த்து வாங்குங்கள். எஸ்எம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் வகை) டிஸ்க், இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் ரீசில்வர் செய்யும்போது (மாற்றிய டிஸ்க்கில் தரவை மறுபடி நிரப்பும்போது) நாள்கணக்கில் இழுக்கும். மிரர் (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவு) என்பது பேக்கப் அல்ல. இம்மிச் படங்களின் ஒரு நகல் குடியாத்தத்திலோ ஆற்காட்டிலோ சொந்தக்காரர் வீட்டு டிஸ்க்கில் இருக்கட்டும்.

தானாக அணைவதற்கு: வீட்டு இன்வெர்ட்டர் சர்வருக்கு எந்தச் செய்தியும் அனுப்பாது. இன்வெர்ட்டர் இல்லாத நேர் லைனில் ஒரு வைஃபை பிளக் மாட்டுங்கள். சர்வர் நிமிடத்துக்கு ஒருமுறை அதை பிங் செய்யட்டும். ராவுட்டர் பதில் சொல்கிறது, பிளக் மட்டும் 20 நிமிடமாகப் பதில் இல்லை என்றால் கரண்ட் இல்லை, ஷட்டவுன். இரண்டுமே பதில் சொல்லாவிட்டால் அது நெட்வொர்க் கோளாறு, சர்வரை அணைக்கக் கூடாது.

இதில் பலர் தவறவிடுவது மறுபடி எழுப்புவதைத்தான். பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) 'கரண்ட் வந்தால் ஆன்' என்று வைத்தாலும் வேலை செய்யாது, ஏனென்றால் இன்வெர்ட்டர் இருந்ததால் சர்வருக்குக் கரண்ட் போகவே இல்லை. அதனால் வேக்-ஆன்-லேனை (நெட்வொர்க் வழியாக எழுப்பும் வசதி) பயாஸில் திறந்துவிட்டு, ராஸ்பெர்ரி பையில் எதிர்த் திசை ஸ்கிரிப்ட் ஒன்று: பிளக் தொடர்ந்து 10 நிமிடம் பதில் சொன்னால், சர்வர் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பு. பத்து நிமிடம் எதற்கு என்றால், மின்வாரிய ஷட்டவுன் முடிந்து கரண்ட் வந்ததும் இரண்டு மூன்று முறை போய்ப் போய் வரும்.