ஊர்ப்புற ஹாம் கிளப்: ஞாயிற்றுக்கிழமை கூடி என்ன செய்வது?

ஒடுகத்தூர் ஹேண்டி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஒடுகத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு சின்ன ஹாம் ரேடியோ (உரிமம் வாங்கி, பொழுதுபோக்காக ரேடியோவில் ஒருவரோடொருவர் பேசுவது) கிளப்பிலிருந்து எழுதுகிறேன். மொத்தம் ஒன்பது பேர். உரிமம் வாங்கியவர்கள் நான்கு பேர், நான்குமே ரெஸ்ட்ரிக்டட் கிரேடு, அதாவது முதல் நிலை உரிமம். மற்றவர்களில் ஒருவர் எலக்ட்ரீஷியன், ஒருவர் பால் சொசைட்டியில் இருக்கிறார், இரண்டு பையன்கள் பாலிடெக்னிக் படிக்கிறார்கள், ஒரு அண்ணன் விவசாயம். மாதத்தின் முதல் ஞாயிறு காலை அந்த அண்ணனின் கொல்லையில், மோட்டார் கொட்டகைப் பக்கம் வேப்பமர நிழலில் கூடுகிறோம்.

முதல் ஆறு மாதம் நன்றாகப் போனது. இப்போது டீ குடிப்பது, யார் என்ன செட் வாங்கினார்கள் என்று பேசுவது, அப்புறம் கிளம்புவது, அவ்வளவுதான் நடக்கிறது. போன மாதம் வந்தது மூன்றே பேர். எங்களிடம் இருப்பது ஹேண்டிகளும் (கையில் பிடித்துப் பேசும் சின்ன செட்) வண்டியில் பொருத்தும் பழைய மொபைல் செட் ஒன்றும். தொலைதூரம் பேச உதவும் எச்.எஃப். (சிற்றலை) செட் கிடையாது. ஒரு பக்கம் ஜவ்வாது மலை முழுக்க மறைத்துவிடுகிறது, கொல்லையில் நின்று கூப்பிட்டால் காட்பாடிக்குப் போய்ச் சேர்வதில்லை. பணமும் பெரிதாக இல்லை, தலைக்கு மாதம் நூறு ரூபாய் போடுகிறோம். பக்கத்துப் பள்ளியின் தலைமையாசிரியர், பிள்ளைகளுக்கு ஏதாவது செய்து காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறார். இந்த கிளப் கலைந்துவிடக் கூடாது என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. உங்கள் ஊர்களில் என்ன செய்கிறீர்கள்?

---

குடியாத்தம் டைபோல் எழுதியது:

மாதம் ஒரு முறை சந்திப்பது போதாது நண்பரே, முதல் கோளாறு அதுதான். வாரம் ஒரு நாள் இரவு 8 மணிக்கு ஒரு நெட் வையுங்கள், அதாவது எல்லோரும் ரேடியோவிலேயே கூடிப் பேசுவது, 2 மீட்டர் பேண்டில் (உங்கள் ஹேண்டி வேலை செய்யும் அலைவரிசைத் தொகுதி), ஒரே அலைவரிசையில், மழையோ பண்டிகையோ எதற்கும் நிறுத்தாமல். உரிமம் உள்ள நான்கு பேர் போதும், ஒவ்வொரு வாரமும் ஒருவர் நெட் கண்ட்ரோல். அவர் கூப்பிடுவார், மற்றவர்கள் கால்சைன் (உரிமத்தோடு தரும் அடையாளப் பெயர்) சொல்லி, சிக்னல் எப்படி, எந்த இடம், என்ன ஆண்டெனா என்று சொல்வார்கள், ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். உரிமம் இல்லாதவர்கள் கேட்கட்டும், கேட்டதை எழுதிவந்து அடுத்த கூட்டத்தில் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். நாங்கள் ஐந்து பேரோடு தொடங்கினோம், சில வாரம் இரண்டு பேர்தான் இருந்திருக்கிறோம், ஆனாலும் விடவில்லை. அந்த நோட்டைப் பிரித்துப் பார்த்தால் எந்தத் தெரு மாடியிலிருந்து யாருக்குக் கேட்கும் என்பது எங்கள் ஊருக்கே ஒரு வரைபடம் மாதிரி இருக்கிறது.

எச்.எஃப். செட் இல்லை என்று வருத்தப்படாதீர்கள். ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் சர்க்யூட் இதற்காகவே வந்தது, எளிதில் கிடைக்கும் பாகங்களை வைத்து எச்.எஃப்.இல் குரலில் பேசும் எஸ்.எஸ்.பி. செட்டையே கையால் கட்டலாம். உங்கள் பாலிடெக்னிக் பையன்களிடம் கொடுங்கள், சென்னை ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய்வந்தால் பெரும்பாலான சாமான் கிடைத்துவிடும். 40 மீட்டர் பேண்டுக்கான டைபோல் (இரு பக்கமும் நீளும் வயர் ஆண்டெனா) கட்டச் செலவே கிடையாது, பக்கத்துக்கு 10 மீட்டர் வயர், கொல்லையில் இரண்டு தென்னை, மூலைக்கு ஒரு பி.வி.சி. துண்டு. ரொம்ப உயரத்தில் கட்ட வேண்டும் என்றும் இல்லை, தாழ்வாக இருந்தாலும் பகலில் கேரளா, கர்நாடகா, ஆந்திரா நன்றாகக் கேட்கும். அலை நேராக மேலே போய்த் திரும்பி இறங்குவதால் அந்த பேண்டில் உங்கள் மலை ஒரு தடையே இல்லை.

---

கல்லுமலை எழுதியது:

பள்ளிப் பிள்ளைகள் என்றால் நரி வேட்டைதான். நான்கு வருடமாக நடத்துகிறேன், அந்த ஒரு காலை நேரத்தில் பிள்ளைகள் முகத்தில் தெரிவதை வேறு எதிலும் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒருவர் ஹேண்டியோடு எங்காவது ஒளிந்துகொள்வார். அவர்தான் நரி. உரிமம் உள்ளவராக இருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கால்சைன் சொல்லிக் குரல் கொடுக்கப் போவது அவர். குறைந்த பவரில் வைத்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து தேட வேண்டும். ஒவ்வொரு குழுவோடும் உரிமம் உள்ள ஒருவர் நடக்கட்டும், பிள்ளைகள் கேட்பதோடு சரி, பட்டனை அழுத்தக் கூடாது. இதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

ஆண்டெனாவைப் பிள்ளைகளையே செய்யவையுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் இரும்பு அளவு டேப் இருக்கிறதே, பழசாகி முனை போனது ஒன்று கிடைத்தால் போதும். பின்னால் 105 செ.மீ. துண்டு ஒன்று, முன்னால் 89 செ.மீ. துண்டு ஒன்று, நடுவில் 45 செ.மீ. துண்டு இரண்டு, இரண்டுக்கும் இடையில் ஒரு அங்குலம் இடைவெளி. இவற்றை பி.வி.சி. குழாயில் கிளாம்ப் போட்டுக் கட்ட வேண்டும், பின் துண்டுக்கும் நடுவுக்கும் 20 செ.மீ., நடுவுக்கும் முன் துண்டுக்கும் 32 செ.மீ. நடுத்துண்டுகள் இரண்டையும் சின்ன கொண்டை ஊசி மாதிரி வளைத்த கம்பியால் இணைத்து, அதே இடத்தில் செட்டுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளைப் பற்றவைக்க வேண்டும். டேப்பின் மேல் இருக்கும் மஞ்சள் பெயிண்டைச் சுரண்டாமல் ஈயம் பிடிக்காது, முதல் தடவை நாங்கள் அரை நாள் அதிலேயே திண்டாடினோம். முட்புதருக்குள் நுழைந்தால் டேப் மடங்கி மறுபடி நிமிர்ந்துகொள்ளும், நம் பக்கத்துச் சீமைக்கருவேலத்துக்கு இதைவிட நல்ல ஆண்டெனா இல்லை.

எல்லாக் குழுவுக்கும் ஆண்டெனா இல்லையா, பரவாயில்லை. ஹேண்டியை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். நம் முதுகு நரியின் பக்கம் திரும்பும்போது உடம்பே மறைத்துக்கொண்டு சிக்னல் குறையும், அப்படியானால் நரி இருப்பது முதுகுப் பக்கம். பிள்ளைகள் இதை ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். நரிக்குப் பக்கத்தில் போய்விட்டால் எந்தத் திசையிலும் சிக்னல் மீட்டர் முழுக்க நிற்கும், அப்போது அலைவரிசையை 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளிவைத்துக் கேட்டால் மறுபடியும் திசை தெரியும்.

நம் மாவட்டத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மொட்டைப் பாறை மலைகள் சிக்னலைத் திருப்பி அடிக்கும். போன வருடம் ஒரு குழு ஒரு மணி நேரம் மலையைப் பார்த்து நடந்தது, நரியோ அவர்களுக்குப் பின்னால் ஏரிக்கரைப் பனைமரத்தடியில் உட்கார்ந்திருந்தது. அடுத்த வாரம் அந்தப் பிள்ளைகளுக்கு அலை எதிரொலிப்பதைப் பற்றி வகுப்பில் சொல்ல நான் தனியாக எதுவும் தயாரிக்க வேண்டியிருக்கவில்லை.

தை, மாசியில் வையுங்கள், மழை ஓய்ந்து நடக்க வாகாக இருக்கும். சித்திரைக்குள் முடித்துவிடுங்கள், வேலூர் வெயிலில் பிள்ளைகளை விட முடியாது.

---

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

தம்பி, விளையாட்டெல்லாம் சரி, ஆனால் ஒன்பது பேரில் ஐந்து பேருக்கு உரிமம் இல்லை என்பதுதான் உங்கள் கிளப்பின் பலவீனம். கேட்டுக்கொண்டே எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்கள்? வரும் கூட்டத்திலிருந்து ஒரு மணி நேரம் பாடத்துக்கு ஒதுக்குங்கள். தேர்வில் இரண்டு பகுதி, ஒன்று ரேடியோ அறிவு, இன்னொன்று விதிமுறைகள். உங்கள் எலக்ட்ரீஷியனுக்கு முதல் பகுதியில் பாதி ஏற்கெனவே தெரியும், அவரையே ஓம் விதி நடத்தச் சொல்லுங்கள், சொல்லிக்கொடுப்பவருக்குத்தான் பாடம் நன்றாக ஏறும். 12 வயது நிறைந்தால் தேர்வு எழுதலாம், ஆகவே அந்தப் பள்ளியில் ஏழாம், எட்டாம் வகுப்பிலேயே உங்களுக்கு ஆள் இருக்கிறது. ஐந்து பேரும் ஒன்றாக விண்ணப்பித்து ஒன்றாகச் சென்னைக்குப் போய் எழுதுங்கள். தனியாகப் போகச் சொன்னால் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

ரெஸ்ட்ரிக்டட் வைத்திருக்கும் நான்கு பேருக்கும் ஒரு வார்த்தை. நிமிடத்துக்கு 8 சொல் மோர்ஸ் வந்தால் அடுத்த நிலையான ஜெனரல் கிரேடு எழுதலாம். தினம் பத்து நிமிடம் போதும். புள்ளி, கோடு என்று கண்ணால் மனப்பாடம் செய்யாமல், டி, டா என்று சத்தமாகவே காதில் ஏற்றுங்கள், தாளம் கற்பது போல. என் பேத்தி பாட்டு வகுப்புக்குப் போகிறவள், அவளுக்கு மூன்று வாரத்தில் எல்லா எழுத்தும் வந்துவிட்டது.

---

பொன்னையாற்றங்கரை எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது பாரதி பிரசாத் அம்மாவின் குழு ஹாம் ரேடியோவோடு போர்ட் பிளேரில் இருந்தது. உலகத்து ஹாம்களோடு பேசுவதற்காகப் போனவர்கள், அன்றைக்கு அதே செட்டை வைத்துத்தான் அந்தமானிலிருந்து வெளியே செய்தி அனுப்பினார்கள். அப்படி ஒரு நாள் வருமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை, ஆனால் செட்டும் ஆண்டெனாவும் ஆளும் தயாராக இருந்தார்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது எங்கள் பக்கம் கரண்ட் போய் செல்போனெல்லாம் அணைந்துவிட்டது. என்னிடம் ஹேண்டி இருந்தது, ஆனால் சார்ஜ் இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கரண்ட் இல்லாமல் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்க்கிறோம். யு.பி.எஸ்.ஸில் போடும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்றில் மொபைல் செட்டைக் கேட்கும் நிலையில் வைத்தால் ஏறக்குறைய பகல் முழுதும் தாங்குகிறது, பேசத் தொடங்கினால்தான் இறங்கும்.

மலை மறைப்பதற்கு ரிலே பழகுங்கள். வள்ளிமலையில் மாசித் தேர் மலையைச் சுற்றி வரும் அந்தப் பாதையில் ஒரு நாள் அதிகாலையில் நாங்கள் ஆறு பேர் நடந்து பார்த்தோம். மலைக்கு அந்தப் பக்கம் போனதும் பேச்சு அறுந்துவிட்டது. ஒருவர் படியேறி மேலே நின்று இரண்டு பக்கமும் கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொன்னார். செய்தியை ஒரு சொல் மாறாமல் எழுதிக்கொண்டு, எழுதியதைத்தான் படிக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. மூன்று வாய் மாறுவதற்குள் 'வடக்கு வாசல்' என்பது 'கிழக்கு வாசல்' ஆகிப்போனது.

---

ஒடுகத்தூர் ஹேண்டி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்றே நான்கு பேரும் பேசி முடிவு செய்துவிட்டோம். புதன்கிழமை இரவு 8 மணி நெட், முதல் வாரம் நான் கண்ட்ரோல். எலக்ட்ரீஷியன் அண்ணன் வகுப்பெடுக்க ஒத்துக்கொண்டார், கொஞ்சம் கூச்சப்பட்டார், ஆனால் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. நரி வேட்டை மாசியில்.

பள்ளியில் அதற்கு முன்பே ஒரு நாள் வரச் சொல்கிறார்கள், ஒரு மணி நேரம்தான் தருவார்கள். அதற்குள் பிள்ளைகள் கண்ணெதிரே நடக்கிற மாதிரி என்ன காட்டலாம்?

---

கல்லுமலை எழுதியது:

சர்வதேச விண்வெளி நிலையம். 2025இல் சுபான்ஷு சுக்லா அங்கிருந்து ஹாம் ரேடியோவில்தான் நம் நாட்டு மாணவர்களோடு பேசினார், அதைச் சொல்லித் தொடங்குங்கள். 145.800 மெகாஹெர்ட்ஸ் எஃப்.எம்., உங்கள் ஹேண்டியே போதும், அளவு டேப் ஆண்டெனா இருந்தால் இன்னும் தெளிவு. சில நாட்களில் அங்கிருந்து படம் அனுப்புவார்கள், அதை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், அந்தத் தேதியைப் பார்த்துத் தலைமையாசிரியரிடம் நாள் கேளுங்கள். போனில் ரோபாட்36 செயலியைப் போட்டு ஹேண்டி ஸ்பீக்கர் பக்கம் வைத்தால், கீச்சுக் கீச்சென்ற சத்தம் வரி வரியாகப் படமாக இறங்கும். ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம். நிலையம் நம் தலைக்கு மேல் கடப்பதே பத்து நிமிடம்தான், அதனால் கடக்கும் நேரத்தை முந்தின நாள் பார்த்துவைத்து, கால் மணி நேரம் முன்பே பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்திவிடுங்கள். மலை இல்லாத பக்கம் உயரமாக எழுந்து போகிற கடப்பாகத் தேர்ந்தெடுங்கள், ஜவ்வாது மலைக்குப் பின்னாலேயே தாழ்வாகப் போனால் ஒன்றும் கேட்காது.

புதன்கிழமை நானும் கேட்கிறேன். இங்கே பாறை மேல் ஏறி நின்றால் உங்கள் பக்கம் எட்டினாலும் எட்டும். இரண்டாவது முறை கூப்பிட்ட பிறகு ஒரு நிமிடம் பட்டனை விட்டுக் காத்திருங்கள், என் சிக்னல் மெலிதாகத்தான் வரும்.